பாட்டு கேட்கலாம், அரசியல் பேசக் கூடாது: பட்டாசு மண்ணுக்கு ஒரு மாலை வானொலி வேண்டும்

தனியார் பண்பலை வானொலியில் எதைப் பேசலாம், எதைப் பேசக் கூடாது என்பதற்கு இந்திய அரசிடம் ஒரு கணக்கு இருக்கிறது. போக்குவரத்து நெரிசலைச் சொல்லலாம். வானிலை சொல்லலாம். தேர்வு முடிவு, கல்லூரிச் சேர்க்கை, மின்தடை, குடிநீர் வராத நேரம் எல்லாம் சொல்லலாம். எங்கே வேலை காலியாக இருக்கிறது என்றுகூடச் சொல்லலாம். ஆனால் செய்தி சொல்லக் கூடாது. நடப்பு அரசியல் பேசக் கூடாது. அகில இந்திய வானொலியின் செய்தியை வேண்டுமானால் ஓர் எழுத்துகூட மாற்றாமல் அப்படியே அஞ்சல் செய்து கொள்ளலாம்.

இதை எங்கள் ஊர்க் கணக்கில் போட்டுப் பாருங்கள். சிவகாசியை ஒட்டிய விஸ்வநத்தத்தில், பக்கத்து ஊர்ப் பட்டாசு ஆலையில் ஆள் தேவை என்று வானொலி அறிவிக்கலாம். அங்கே கூலி ஏன் இவ்வளவு குறைவு என்று விவாதிக்கக் கூடாது. வெடிவிபத்து நடந்தால் எந்தச் சாலையில் போக்குவரத்து மாற்றிவிடப்பட்டிருக்கிறது என்று சொல்லலாம். நான்கு பேர் இருக்க வேண்டிய அறைக்குள் பத்துப் பேர் எப்படி வந்தார்கள் என்று கேட்கக் கூடாது.

தொலைக்காட்சிக்கு இந்தத் தடை இல்லை. இருபத்துநான்கு மணி நேரமும் அங்கே அரசியல் கத்தப்படுகிறது. செய்தித்தாளுக்கு இல்லை, இணையத்துக்கும் இல்லை. வானொலிக்கு மட்டும்தான். ஏன்? எழுதப் படிக்கத் தெரிய வேண்டாம், மின்சாரம் வேண்டாம், கையும் கண்ணும் வேலையில் இருந்தாலும் கேட்கலாம். கடைசிக் குடிசை வரைக்கும் போகக்கூடிய ஊடகம் அது. அதனால்தான் அதன் வாயை மட்டும் கட்டி வைத்திருக்கிறார்கள் என்று நான் நினைக்கிறேன்.

மாலை நேரத்தில் வரலாறும் அரசியலும் பண்பாடும் இசையும் கலந்து பேசுகிற ஒரு வானொலி எங்கள் மண்ணுக்கு வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் கோரிக்கை. “பாட்காஸ்ட் காலத்தில் ரேடியோவா?” என்று சிரிக்கும் தோழர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

கை வேலையில், காது சும்மா

எங்கள் பக்கத்தில் தொழிற்சாலை என்று யாரும் சொல்வதில்லை. தீப்பெட்டி ஆபீஸ், பயராபீஸ். ஆபீஸில் முடிகிற வேலை கொஞ்சம், வீட்டுக்கு வருகிற வேலை மிச்சம். பெட்டி ஒட்டுவது, காகிதக் குழாய் உருட்டுவது, குச்சி அடுக்குவது என்று எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் வாசலில் உட்கார்ந்து பெண்கள் ஏதோ ஒன்றைச் செய்துகொண்டிருப்பார்கள். உருப்படிக் கணக்குக்குக் கூலி. கை நின்றால் காசு நின்றுவிடும். என் அம்மா பெட்டி ஒட்டியவர். பசை காயாத அந்த விரல்களால் அவர் ஒரு புத்தகத்தைப் பிரித்து நான் பார்த்ததில்லை. ஆனால் அவருக்குத் தெரிந்த பாட்டுகளின் எண்ணிக்கையைக் கேட்டால் நீங்கள் மலைத்துப் போவீர்கள். எல்லாம் காது வழியாக வந்தவை.

கை வேலையில் மாட்டிக்கொண்ட தொழிலாளிக்குக் காதுதான் பள்ளிக்கூடம். இதை உலகத்தில் பல இடங்களில் தொழிலாளர்கள் கண்டுபிடித்திருக்கிறார்கள். கியூபாவின் ஹவானாவில் 1865-ல் சுருட்டுத் தொழிலாளர்கள் தங்கள் கூலியில் இருந்து காசு போட்டு ஒரு வாசிப்பாளரை வைத்துக் கொண்டார்கள். அவர் உயரமான மேடையில் உட்கார்ந்து செய்தித்தாளும் நாவலும் அரசியலும் சத்தமாக வாசிப்பார். கீழே சுருட்டு சுற்றும் கைகள் நிற்காது. அடுத்த ஆண்டே காலனி அரசு அதைத் தடை செய்தது. சுருட்டு சுற்றுகிறவனுக்கு எதற்கு அரசியல் என்ற அதே கேள்விதான். ஆனாலும் அந்த வழக்கம் சாகவில்லை. கடல் தாண்டி அமெரிக்காவின் டாம்பா நகரத்துச் சுருட்டு ஆலைகளுக்கும் போனது.

கேரளத்தின் கண்ணூர் பக்கம் பீடித் தொழிலாளர்களும் இதையே செய்தார்கள். ஒருவர் நாளிதழ் வாசிப்பார். மற்றவர்கள் சுற்றிய பீடியில் ஆளுக்குக் கொஞ்சம் அவர் கணக்கில் சேர்ப்பார்கள். அந்தப் பீடிக் கூடங்களில் இருந்து எத்தனை தொழிற்சங்கவாதிகள் வந்தார்கள் என்பது மலபார் வரலாறு அறிந்தவர்களுக்குத் தெரியும்.

டாம்பாவில் நடந்த இன்னொரு சங்கதியையும் சொல்ல வேண்டும். 1931-ல் அங்கே முதலாளிகள் வாசிப்பாளர்களை வெளியேற்றினார்கள். தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து பார்த்தார்கள். முடியவில்லை. வாசிப்பாளர் உட்கார்ந்த இடத்துக்கு வந்தது எது தெரியுமா? ரேடியோ. யாரோ எங்கோ முடிவு செய்த பாட்டு, யாரோ விற்கிற பொருளின் விளம்பரம்.

ஆகவே ரேடியோ என்றாலே விடுதலை என்று நான் சொல்லவில்லை. தொழிலாளி கூலி கொடுத்து வைத்த குரலை வெளியேற்றவும் அதே ரேடியோ பயன்பட்டிருக்கிறது. கருவி யார் கையில் இருக்கிறது என்பதுதான் கேள்வி. 1994-ல் ருவாண்டாவில் வானொலியே கொலைக்கு ஆள் திரட்டியது என்பதையும் நாம் மறக்கக் கூடாது.

வானொலிக்குள் இருந்த சேரியும் ஊரும்

நம்முடைய வானொலியின் கதையும் சாதிக்கு வெளியே நடந்ததல்ல. சென்னையில் 1938-லும் திருச்சியில் 1939-லும் அகில இந்திய வானொலி நிலையங்கள் வந்தன. அதில் எந்த இசை ஒலிக்க வேண்டும் என்பதே முதல் சண்டை. கச்சேரி என்றால் தெலுங்குக் கீர்த்தனை என்றிருந்த காலம். 1941-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் கூடிய தமிழிசை மாநாடு, வானொலியிலும் தமிழ்ப் பாட்டுக்கு உரிய இடம் வேண்டும் என்று கேட்டது. சங்கீதப் பண்டிதர்கள் கொதித்தார்கள். தமிழ்நாட்டில் தமிழில் பாடு என்பதற்கே ஓர் இயக்கம் வேண்டியிருந்தது. பெரியார் அந்தக் கோரிக்கையின் பக்கம் நின்றார்.

ஆனால் தமிழிசை கேட்டவர்கள் தேவாரத்தைக் கேட்டார்கள், பண்ணைக் கேட்டார்கள். பறையைக் கேட்கவில்லை. சாவு வீட்டில் நம் ஆட்கள் பாடிய ஒப்பாரியையும், நாற்று நடவில் நம் பெண்கள் பாடியதையும் ‘இசை’ என்ற பட்டியலில் யாரும் சேர்க்கவில்லை. பிறகு அவற்றுக்குக் ‘கிராமிய இசை’ என்று தனி வாசல் வைத்தார்கள். கொல்லங்குடி கருப்பாயி போன்றவர்கள் அந்த வாசல் வழியாக வந்துதான் நாடு முழுக்கத் தெரிந்தார்கள். அந்த வாசல் இருந்ததற்கு மகிழ்ச்சி. ஆனால் முன்வாசலில் யார் நின்றார்கள், பக்கவாசலில் யார் நின்றார்கள் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். ‘சாஸ்திரிய சங்கீதம்’ என்ற பெயரே வாசல் யாருக்கு என்று சொல்லிவிடுகிறது.

தெருநாடகத்துக்கும் ஸ்பெஷல் நாடகத்துக்கும் உயிராக இருந்த ஆர்மோனியத்தை 1940-ல் அகில இந்திய வானொலி தடை செய்தது. அந்தத் தடை தளரவே முப்பது ஆண்டுகள் ஆயின. 1946-ல் தகவல் ஒலிபரப்புத் துறை சர்தார் படேலிடம் இருந்தபோது, சொந்த வாழ்க்கை ‘ஒழுக்கமாக’ இல்லை என்று கருதப்பட்ட பாடகிகளுக்கு நிலையக் கதவு மூடப்பட்டது. தலைமுறை தலைமுறையாக இசையைக் காத்து வந்த பெண்களுக்கு எதிராகவே அந்த ஒழுக்கம் பேசப்பட்டது. 1952-ல் அமைச்சரான பி.வி. கேஸ்கர், சினிமாப் பாட்டு மக்களின் ரசனையைக் கெடுக்கிறது என்று அதை வெட்டினார்.

மக்கள் என்ன செய்தார்கள்? முள்ளைத் திருப்பினார்கள். 1950-ல் வணிக ஒலிபரப்பைத் தொடங்கியிருந்த இலங்கை வானொலி, எந்தச் சங்கீத சாஸ்திரமும் பேசாமல் பாட்டுப் போட்டது. தமிழ்நாட்டின் தென்கோடி முழுக்க இலங்கை வானொலியின் வீடாகிவிட்டது. மயில்வாகனனும் கே.எஸ். ராஜாவும் பி.எச். அப்துல் ஹமீதும் எங்கள் தெருக்களில் சொந்தக்காரர்களைப் போலப் பேசப்பட்டார்கள். மேல்சாதி ரசனையை மக்கள் தலையில் கட்ட முயன்ற அரசு, தோற்று, கடைசியில் 1957 அக்டோபர் 3 அன்று விவித் பாரதியைத் தொடங்கியது. உழைக்கும் மக்களின் காது ஓர் அமைச்சரை வென்ற கதை இது. யாரும் பாடப்புத்தகத்தில் எழுதவில்லை.

கேட்கிற இடத்திலும் சாதி இருந்தது. ரேடியோ வைத்திருக்கத் தபால் நிலையத்தில் கட்டணம் கட்டி லைசென்ஸ் எடுக்க வேண்டிய காலம். எங்கள் ஆட்களிடம் ஏது ரேடியோ? என் தாத்தா கூலிக்குப் போன ஊரில் பொது ரேடியோ ஊருக்குள் இருந்தது. மாலையில் வேலை முடிந்து திரும்பும்போது, உட்கார இடமில்லாத ஆட்கள் தெருவோரமாக நின்று கேட்டுவிட்டு வருவார்கள் என்று அவர் சொல்லியிருக்கிறார். ஒலிக்குத் தீட்டு இல்லை, அது சேரிக்கும் வந்துவிடும். ஒலிபெருக்கி எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதில்தான் தீட்டு இருந்தது.

பின்னால் கையடக்க டிரான்சிஸ்டர் வந்தபோது அது எங்களுக்கு ஏன் அவ்வளவு பெரிய பொருளாக இருந்தது என்பது இப்போது புரிகிறது. யார் வாசலிலும் நிற்காமல் கேட்கலாம். இரவு 9.15 மணிக்கு பிபிசி தமிழோசை. 1941 மே மாதம் போர்க்காலத்தில் தொடங்கிய அந்த ஒலிபரப்பு, நமக்கு ஈழத்தைச் சொன்னது, உலகத்தைச் சொன்னது, நம் சென்னைச் செய்தியையே இலண்டனில் இருந்து சொன்னது. அதிலேயே தமிழ்த் திரையிசையின் வரலாறும் வந்தது. அரசியலும் வரலாறும் பண்பாடும் இசையும் ஒரே அரை மணிக்குள் இருக்க முடியும் என்பதை எங்கள் தெரு ஆட்கள் தமிழோசையில்தான் கண்டார்கள். 2017 ஏப்ரல் 30 அன்று அந்தச் சிற்றலை ஒலிபரப்பு நின்றது. இணையத்துக்கு மாறிவிட்டோம் என்றார்கள். மாறியவர்கள் மாறினார்கள். டிரான்சிஸ்டரோடு உட்கார்ந்திருந்தவர்களைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

அக்டோபர் 3

ஒரு தேதியைக் கவனியுங்கள். 1954 அக்டோபர் 3 அன்று அண்ணல் அம்பேத்கர் அகில இந்திய வானொலியில் பேசினார். தன்னுடைய வாழ்க்கைத் தத்துவம் சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்ற மூன்று சொற்களில் அடங்கும் என்றும், அவற்றைத் தான் பிரெஞ்சுப் புரட்சியிடம் கடன் வாங்கவில்லை, புத்தரிடமிருந்து பெற்றுக்கொண்டதாகவும் விளக்கினார். சட்டம் மட்டும் சமத்துவத்தைக் காப்பாற்றிவிடாது, சகோதரத்துவம் வேண்டும் என்பது அந்த உரையின் சாரம். சில நிமிடப் பேச்சு. அதற்குள் வரலாறு இருந்தது, அரசியல் இருந்தது, பண்பாடு இருந்தது.

சரியாக அறுபது ஆண்டுகள் கழித்து, 2014 அக்டோபர் 3 அன்று அதே வானொலியில் பிரதமரின் ‘மனதின் குரல்’ தொடங்கியது. மாதாமாதம் வருகிறது. நாட்டின் பிரதமர் வானொலியில் பேசுவதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ஆட்சியில் இருப்பவரின் மனதுக்கு வானொலி உண்டு, ஆலையில் மருந்து செலுத்துகிறவளின் மனதுக்கு இல்லை என்றால், ‘வானொலியில் அரசியல் கூடாது’ என்ற விதிக்கு என்ன அர்த்தம்? மேலிருந்து கீழே வரும் அரசியல் கூடும், கீழிருந்து மேலே போகும் அரசியல் கூடாது என்பதுதான்.

காற்றலை பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995 பிப்ரவரியில் தெளிவாகத் தீர்ப்பளித்திருக்கிறது. அது அரசின் தனிச்சொத்தல்ல, பணம் உள்ளவர்களின் தனிச்சொத்துமல்ல. தனியார் வானொலியில் செய்திக்குத் தடை விதித்திருப்பதை எதிர்த்து 2013-ல் காமன் காஸ் அமைப்பு வழக்குப் போட்டது. ஒரு மணி நேரத்தில் பத்து நிமிடம் செய்தி சொல்ல அனுமதிக்கலாம் என்று டிராய் அமைப்பே 2023-ல் பரிந்துரைத்தது. அதே ஆண்டு அகில இந்திய வானொலி என்ற பெயரையே விட்டுவிட்டு ‘ஆகாசவாணி’ என்றுதான் எங்கும் சொல்ல வேண்டும் என்ற உத்தரவு வந்தது. வானொலி என்ற நல்ல தமிழ்ச் சொல்லுக்காகச் சண்டை போட்ட மண்ணில் பெயரை மாற்றுவதற்கு இருக்கிற வேகம், வாய்ப்பூட்டைக் கழற்றுவதில் இல்லை.

எங்கள் மண்ணில் பேச என்ன இருக்கிறது?

என் அத்தை மகள் ஒருமுறை ஒரு தனியார் எப்.எம்.முக்குப் போன் போட்டாள். மாலை நேர நேயர் விருப்ப நிகழ்ச்சி. நிலையத்தின் பெயர் வேண்டாம், எல்லாவற்றிலும் இதே கதைதான்.

“எங்க இருந்து பேசுறீங்க அக்கா?”

“விஸ்வநத்தம், சிவகாசி பக்கம்.”

“ஓ, சிவகாசியா! என்ன பண்றீங்க?”

“பயராபீஸ்ல மருந்து செலுத்துறேன். அன்னைக்குக்கூட பக்கத்து ஆபீஸ்ல…”

“சூப்பர்க்கா, தீபாவளிக்கு எங்களுக்கு ஒரு பெட்டி வெடி அனுப்பிருங்க! என்ன பாட்டு வேணும்?”

அந்த அறிவிப்பாளர்மீது எனக்குக் கோபம் இல்லை. அவரும் சம்பளத்துக்கு வேலை செய்கிற பையன். ‘அன்னைக்குக்கூட பக்கத்து ஆபீஸ்ல’ என்பதற்கு அடுத்து வரும் வாக்கியம் அவருடைய நிலையத்தை ஆபத்தில் மாட்டிவிடும் என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அந்த முடியாத வாக்கியத்தில் எங்கள் மாவட்டத்தின் வரலாறே இருக்கிறது.

1991 ஜூலையில் மீனம்பட்டி. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் ஏறத்தாழ 40 பேர். 2021 பிப்ரவரியில் அச்சன்குளத்தில் 20 பேருக்கு மேல். ஒவ்வொரு முறையும் நிவாரணம் அறிவிக்கிறார்கள், ஆலைக்கு சீல் வைக்கிறார்கள், குழு போடுகிறார்கள். உரிமம் ஒருவர் பெயரில் இருக்க, உள்குத்தகைக்கு வேறொருவர் நடத்துவது, அறைக்கு மீறிய ஆட்கள், கலந்த மருந்தை மறுநாளுக்கு மிச்சம் வைப்பது என்று காரணங்களும் ஒவ்வொரு முறையும் திரும்பத் திரும்ப அவையே. இவை அரசாங்க அதிகாரிகளுக்குத் தெரியும், முதலாளிக்குத் தெரியும். மருந்தைத் தொடுகிற பெண்ணுக்கு, ‘இந்த அறையில் இத்தனை பேருக்கு மேல் இருக்கக் கூடாது, அது சட்டம், நீ மறுக்கலாம்’ என்று அவள் மொழியில் தினமும் யார் சொல்வது?

2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் சரவெடியையும் பேரியம் கலந்த வெடியையும் தடுத்துத் தீர்ப்புச் சொன்னது. ஆலைகள் மாதக்கணக்கில் மூடப்பட்டன. சரம் பின்னியே வாழ்ந்த பெண்களுக்கு ஒரே நாளில் வேலை போனது. தில்லியின் புகைக்கும் தங்கள் அடுப்புக்கும் என்ன தொடர்பு என்று அவர்களுக்கு யாரும் உட்கார்ந்து விளக்கவில்லை. தீர்ப்பைப் பற்றிச் சூழலியலாளர்கள் பேசினார்கள், முதலாளிகள் சங்கம் பேசியது. இரண்டு பக்கமும் தொழிலாளியின் பெயரைச் சொல்லியே பேசின. தொழிலாளி மட்டும் பேசவில்லை.

வரலாறும் அப்படித்தான். 1899 ஜூனில் சிவகாசி சூறையாடப்பட்டது, கோயிலுக்குள் நுழைய நாடார்கள் உரிமை கேட்டதற்காக. ஒரு காலத்தில் கோயில் வாசலில் தடுக்கப்பட்ட சமூகம் அது. 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்ததை எல்லோரும் சொல்வார்கள். 1931 ஆகஸ்டில் சுயமரியாதை இயக்கத்தின் மூன்றாவது மாநாடு விருதுநகரில் நடந்ததை எத்தனை பேர் சொல்கிறார்கள்? பட்டிவீரன்பட்டி டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன், இந்தப் பகுதி அன்று அடங்கியிருந்த இராமநாதபுரம் ஜில்லா போர்டுக்குத் தலைவராக இருந்தபோது, தாழ்த்தப்பட்டவர்களை ஏற்ற மறுக்கும் பேருந்துகளின் உரிமத்தில் கைவைத்ததை யார் நினைவூட்டுகிறார்கள்? தமிழ்நாடு என்ற பெயருக்காக விருதுநகரில் 76 நாள் உண்ணாநோன்பு இருந்து 1956 அக்டோபர் 13 அன்று உயிர்விட்ட சங்கரலிங்கனார் பெயரையாவது நம் பிள்ளைகள் கேட்டிருக்கிறார்களா? 1997-ல் ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் வைத்ததற்கு இதே மாவட்டம் ஏன் பற்றி எரிந்தது?

இந்தக் கேள்விகளை அடுத்தடுத்து வைத்தால், ஒடுக்கப்பட்டு எழுந்த ஒரு சமூகம் தனக்குக் கீழே வைக்கப்பட்டவர்களை இன்று எப்படி நடத்துகிறது என்ற கேள்வி தானாக வரும். பள்ளர் தெருவுக்கும் சக்கிலியர் தெருவுக்கும் நடுவே உள்ள சுவரைப் பற்றியும் கேள்வி வரும். அருந்ததியர் உள் இடஒதுக்கீடு யார் வாய்ச்சோற்றையும் பறிக்கவில்லை என்று நமக்குள்ளேயே பேச வேண்டியிருக்கும். ஒரே ஆபீஸில் பக்கத்துப் பக்கத்து அறையில் மருந்து செலுத்திவிட்டு, ஒரே வேனில் ஏறி வந்து, தனித்தனி நிறுத்தத்தில் இறங்குகிற வாழ்க்கை நம்முடையது. அந்த வேன் பயணத்தில் பேசாததைப் பேச மாலையில் ஒரு குரல் வேண்டும்.

முடியுமா என்றால், முடிந்திருக்கிறது

தெலங்கானாவின் சகீராபாத் பக்கம் மாச்சனூரில் 2008 அக்டோபரில் ‘சங்கம் ரேடியோ’ தொடங்கியது. நிலமற்ற, நிலம் குறைந்த தலித் பெண்களின் சங்கங்கள் நடத்துகிற நிலையம். ஒலிப்பதிவு, தொகுப்பு, அறிவிப்பு எல்லாம் அந்தப் பெண்களே. விதை, சிறுதானியம், கூலி, திருவிழா, பாட்டு என்று தங்கள் தெலுங்கில் தாங்களே பேசுகிறார்கள். ஒலிபரப்பு மாலையில்தான், காட்டு வேலை முடிந்து வீட்டுக்கு வருகிற நேரத்தில். தங்கள் பேச்சைக் கேட்டால் ‘பட்டணத்துப் பேச்சு இல்லை’ என்று சிரிப்பார்களோ என்ற அச்சம் ஒரு சமூகத்தைவிட்டுப் போவது எவ்வளவு பெரிய விடுதலை என்பதை அங்கே போய்ப் பார்க்க வேண்டும்.

பொலிவியாவின் வெள்ளீயச் சுரங்கத் தொழிலாளர்கள் இதைவிட ஒரு படி மேலே போனார்கள். 1940-களின் இறுதியில் தொடங்கி, கூலியில் ஒரு பங்கைச் சேர்த்து, தொழிற்சங்கங்களே வானொலி நிலையங்கள் கட்டின. சங்கக் கூட்டமும் பாட்டும் கால்பந்தும் காணாமல்போன பிள்ளையைத் தேடும் அறிவிப்பும் அதிலேயே வந்தன. 1967 ஜூன் 24 விடியற்காலையில் இராணுவம் சுரங்கக் குடியிருப்புகளைச் சுட்டுத் தள்ளியபோது வானொலியையும் பிடித்தது. 1980-ல் இராணுவப் புரட்சி நடந்தபோது அந்த நிலையங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து, கடைசி நிலையம் விழும் வரை நாட்டுக்கு நடந்ததைச் சொல்லிக் கொண்டிருந்தன. உயிரைப் பணயம் வைத்து வேலை செய்கிறவர்களின் வானொலி அது. எங்கள் மண்ணுக்கு அதைவிடப் பொருத்தமான முன்மாதிரி இருக்க முடியாது.

இந்தியச் சமுதாய வானொலி விதிகள் என்ன சொல்கின்றன? 2006-ல் தொண்டு நிறுவனங்களுக்குக் கதவு திறந்தார்கள், அதுவரை கல்வி நிறுவனங்களுக்கு மட்டும்தான். ஆனால் அரசியல் கட்சிகளைச் சார்ந்த தொழிற்சங்கங்களுக்கு உரிமம் கிடையாது. செய்தித் தடை அங்கேயும் உண்டு. எளிய கருவி, சுற்றிலும் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் வீச்சு. விஸ்வநத்தத்தில் ஒரு கம்பம் நட்டால் சிவகாசியும் திருத்தங்கலும் அதற்குள் வந்துவிடும்.

இளம் தோழர்களுக்கு

நீங்கள் நடத்துகிற பாட்காஸ்டுகளை நான் கேட்கிறேன். நன்றாக இருக்கின்றன. அயோத்திதாசரைப் பற்றியும் இரட்டைமலை சீனிவாசனைப் பற்றியும் இவ்வளவு விரிவாக நம் தலைமுறைக்கு முன்னால் யாரும் ஒலி வடிவில் பேசியதில்லை. ஆனால் கேட்கிறவர்கள் யார்? ஏற்கனவே நம் பக்கம் இருப்பவர்கள், தலையில் ஹெட்போன் மாட்டி மெட்ரோவில் போகிறவர்கள். பட்டாசு ஆலைக்குள் செல்போனைக் கொண்டுபோக முடியாது. வெளியே வாங்கி வைத்துவிடுவார்கள், அது பாதுகாப்புக்காக, சரிதான். வீட்டுக்கு வந்தால் போன் கணவன் கையிலோ பிள்ளை கையிலோ. அவள் கையில் பசை. ஏழு மணிக்கு மேல் அவளுக்கு மிச்சமிருப்பது காது ஒன்றுதான். அந்தக் காதுக்கு இப்போது சீரியல் வசனமும் நேயர் விருப்பமும் சாதிச் சங்க மாநாட்டின் ஒலிபெருக்கியும் போய்ச் சேர்கின்றன. நம்முடைய குரல் போகவில்லை.

“யூடியூப் அவர்களுக்கும் உண்டே” என்பீர்கள். உண்டு. எதைக் காட்டுவது என்று அங்கே முடிவு செய்வது நிறுவனத்தின் கணக்கு. ஒரு சாதிப் பெருமைப் பாட்டைக் கேட்டவனுக்கு அடுத்து பத்து சாதிப் பெருமைப் பாட்டைக் கொண்டுவந்து கொட்டுகிற கணக்கு. பொதுவான ஒரு நேரத்தில், பொதுவான ஒரு குரலை, ஒரு தெருவே சேர்ந்து கேட்பது வேறு. கேட்டு முடித்ததும் பக்கத்து வாசலில் இருப்பவளோடு அதைப் பற்றிப் பேச முடியும்.

அதனால் மூன்று காரியங்கள். ஒன்று, வானொலி மீதான செய்தித் தடையை நீக்கு என்ற கோரிக்கையைக் கருத்துரிமைக் கோரிக்கையாக மட்டும் பார்க்காமல் சாதி ஒழிப்புக் கோரிக்கையாக நம் இயக்கங்கள் எடுக்க வேண்டும். இரண்டு, விருதுநகர் மாவட்டத்தில் பெண் தொழிலாளர் அமைப்புகள் நடத்தும் சமுதாய வானொலிக்கு விண்ணப்பிக்க வேண்டும். சட்டம் தெரிந்த தோழர்கள் அதற்கு உதவ வேண்டும். இன்றைய விதிக்குள்ளேயே வரலாறு பேசலாம், சட்டத்தைச் சொல்லலாம், பாடலாம், தொழில் பாதுகாப்பைச் சொல்லலாம். சங்கம் ரேடியோ அப்படித்தான் நடக்கிறது.

மூன்றாவது, உரிமம் வரும் வரை காத்திருக்க வேண்டாம். அரை மணி நேர ஒலிப்பதிவு போதும். பத்து நிமிடம் இந்த மண்ணின் வரலாறு, பத்து நிமிடம் கூலி, இஎஸ்ஐ, விபத்து, சட்டம், பத்து நிமிடம் பாட்டு. பறையும் ஒப்பாரியும் கானாவும் இளையராஜாவும் வரட்டும், எதற்கும் பக்கவாசல் வேண்டாம். பேசுகிறவர் சென்னையில் இருந்து வந்த நாமாக இருக்க வேண்டியதில்லை. சரம் பின்னுகிற பெண் பேசட்டும், ‘அன்னைக்குக்கூட பக்கத்து ஆபீஸ்ல’ என்று தொடங்கிய வாக்கியத்தை முடிக்கட்டும். தெருமுனையில் ஒரு புளூடூத் ஸ்பீக்கர், தினமும் ஏழரை மணிக்கு. ஒரு தெருவில் ஒலிப்பது அடுத்த தெருவுக்கும் கேட்கும். பள்ளர் தெருவில் வைத்தால் சக்கிலியர் தெருவுக்கும், சக்கிலியர் தெருவில் வைத்தால் ஊருக்குள்ளும் கேட்கிற மாதிரி வையுங்கள். இந்த முறை ஒலிபெருக்கி எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதை நாம் முடிவு செய்வோம்.

முதல் மாதம் யாரும் கேட்க மாட்டார்கள். பாட்டு மட்டும் போடச் சொல்வார்கள். ஆலைத் தரப்பில் இருந்து ஒருவர் வந்து, எதற்குப்பா இந்த வேண்டாத வேலை என்று கேட்பார். அவர் வந்து கேட்கிற அன்று, நம் குரல் சரியான இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது என்று வைத்துக் கொள்ளுங்கள்.